என் கணினியில் வருகிறது, சேர்வரில் வரவில்லை: ஸ்டைல்ஷீட் பாதைக் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

போன கிழமை தலவாக்கலையில் இருந்து ஒரு தம்பி போன் எடுத்தான். கோயில் திருவிழாவுக்கு ஒரு தளம் செய்து கொடுத்திருக்கிறான். "அண்ணே, என்ட கணினியில் வடிவா வருது, ஏத்தின உடனே வெறும் எழுத்தும் நீல லிங்கும்தான் நிக்குது. மூணு தடவை அழிச்சு ஏத்திட்டேன்." மூன்று தடவை அல்ல, முப்பது தடவை ஏற்றினாலும் அது அப்படியேதான் நிற்கும். தளத்தின் நிறமும் அமைப்பும் எழுதிய ஸ்டைல்ஷீட் (சிஎஸ்எஸ்) பைல் அங்கே பத்திரமாக இருக்கிறது, பிரவுசர் அதை வேறு இடத்தில் போய்த் தேடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தை மறுபடி ஏற்றி, சிவப்பாகத் தெரிகிற வரியைச் சொடுக்கி, பிரவுசர் கேட்ட முழு முகவரியை முதலில் இருந்து கடைசிவரை எழுத்து எழுத்தாக வாசியுங்கள். நீங்கள் எழுதிய பாதையை அல்ல, அது கேட்ட முகவரியை. இதைச் செய்யாமல் ../ (ஒரு போல்டர் வெளியே போ என்ற குறி) ஒன்றைக் கூட்டிப் பார்க்கிறேன், குறைத்துப் பார்க்கிறேன் என்று இறங்கினால் ஒரு பின்னேரம் அப்படியே போய்விடும், நான் போக்கியிருக்கிறேன்.

பாதை என்பது என்ன என்று நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்குவது லேசு. தோட்டத்தில் "மேல் லயம், மூணாவது காம்பரா" என்றால், அதாவது மேல் வரிசை வீடுகளில் மூன்றாவது வீடு என்றால், அந்த டிவிசனில் (தோட்டப் பிரிவில்) இருக்கிறவருக்கு உடனே விளங்கும். அடுத்த டிவிசனிலும் ஒரு மேல் லயம் இருக்கும், அங்கேயும் மூன்றாவது காம்பராவில் யாரோ குடியிருப்பார்கள். லயத்து வீட்டுக்கென்று தனி இலக்கம் இல்லாமல் கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குப் போய் அங்கிருந்து கை மாறி, சில நேரம் நேர்முகத் தேர்வுத் திகதி முடிந்த பிறகு வந்து சேர்ந்த கதை பல வீடுகளில் இருக்கிறது. முன்னால் / இல்லாமல் எழுதுகிற சார்புப் பாதையும் அந்த மேல் லயம் மாதிரிதான், யார் எங்கே நின்று வாசிக்கிறார் என்பதைப் பொறுத்து இடம் மாறும். முன்னால் / போட்டால் தோட்ட ஆபீசில் இருந்து எண்ணுகிறீர்கள். முழு முகவரி என்றால் தபால் நகரம் வரை எல்லாம் எழுதிவிட்டீர்கள்.

கீழே உதாரணப் பெயர்களை வாசிக்க வசதியாகத் தமிழில் தருகிறேன், இலங்கைக்குத் தமிழிலேயே .இலங்கை என்ற முகவரி முடிவும் இருக்கிறது அல்லவா. ஆனால் உங்கள் போல்டர்களுக்கு ஆங்கிலச் சின்ன எழுத்திலேயே பெயர் வையுங்கள். "மலை" என்று ஒரு பைலுக்குப் பெயர் வைத்தால் முகவரியில் அது % குறிகளோடு 27 எழுத்தாக நீண்டு நிற்கும், பிழை தேடும்போது அதை வாசிக்கக் கண் போதாது.

முகப்பு நன்றாக இருக்கிறது, உள்பக்கங்கள் மட்டும் உடைந்திருக்கின்றன

தம்பிக்கு நடந்தது இதற்கு நெருங்கிய சொந்தம். பிஎச்பி என்ற சேர்வர் மொழியில் தலைப்பகுதியைத் தனி பைலாக வைத்து எல்லாப் பக்கத்திலும் இன்க்ளூட் செய்வோம், அதாவது ஒட்டுவோம், அதில் ஸ்டைல்ஷீட் லிங்க் "பாணி/முதல்.சிஎஸ்எஸ்" என்று இருக்கும். தலைப்பகுதி பைல் எந்தப் போல்டரில் இருக்கிறதோ அங்கிருந்துதான் இந்தப் பாதை எண்ணப்படும் என்று நாம் நினைப்போம். அது நடக்காது. இன்க்ளூட் செய்கிற வேலை சேர்வரிலேயே முடிந்துவிடுகிறது, பிரவுசருக்கு வருவது ஒட்டி முடித்த ஒரே பக்கம், அதில் எந்த வரி எந்த பைலில் இருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. முகவரிப் பட்டையில் இருக்கிற பக்கத்து முகவரியை வைத்துத்தான் அது கணக்குப் பார்க்கும்.

கணக்கு இப்படி. பக்கத்து முகவரியில் கடைசி / குறிக்குப் பிறகு இருப்பதை வெட்டி எறியும், மிச்சத்தோடு உங்கள் பாதையை ஒட்டும். பக்கம் நம்தளம்.இலங்கை/செய்தி/தேர் என்றால் "தேர்" வெட்டுப்படும், மிச்சம் நம்தளம்.இலங்கை/செய்தி/, அதோடு ஒட்டினால் நம்தளம்.இலங்கை/செய்தி/பாணி/முதல்.சிஎஸ்எஸ். அப்படி ஒரு பைல் இல்லை, சேர்வர் 404 என்று, அதாவது கிடைக்கவில்லை என்று, பதில் தரும். முகப்பில் வெட்ட ஒன்றும் இல்லாததால் அங்கே தப்பித்துவிடும்.

இதிலேயே ஒரு குசும்பு இருக்கிறது. /செய்தி என்று திறந்தால் ஸ்டைல் வரும், /செய்தி/ என்று திறந்தால் வராது, ஏனென்றால் முதலாவதில் "செய்தி" வெட்டுப்படுகிறது, இரண்டாவதில் அது போல்டராக நின்றுவிடுகிறது. "ஒருமுறை வருகிறது, ஒருமுறை வரவில்லை, சேர்வரில்தான் பிழை" என்று யாராவது சத்தம் போட்டால் முதலில் கடைசியில் அந்தக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். அழகு முகவரி வைத்திருக்கிற தளங்களில், அதாவது உண்மையில் போல்டரே இல்லாமல் /செய்தி/12/ என்று காட்டுகிற தளங்களில், இது அடிக்கடி வரும், டிஸ்க்கில் போய்ப் போல்டரைத் தேடிப் பயனில்லை.

தீர்வு: பல பக்கங்கள் பகிர்கிற தலைப்பகுதியில் சார்புப் பாதையே வேண்டாம். /பாணி/முதல்.சிஎஸ்எஸ் என்று முன்கோட்டோடு எழுதுங்கள், அல்லது தளத்தின் அடிமுகவரியை ஒரு மாறியில் வைத்து அதை முன்னால் ஒட்டுங்கள். பக்கத்தின் தலையில், சார்புப் பாதைகளை எங்கிருந்து எண்ண வேண்டும் என்று சொல்கிற பேஸ் டேக் போட்டும் செய்யலாம், ஆனால் அது பக்கத்தில் உள்ள எல்லா லிங்கையும், # போட்ட உள்லிங்க்குகளையும் சேர்த்து இழுத்துவிடும் என்பதால் எனக்குப் பிடிப்பதில்லை.

ஸ்டைல் வருகிறது, பின்னணிப் படமும் எழுத்துருவும் வரவில்லை

இங்கே வாசிக்கிற ஆள் மாறிவிட்டார். ஸ்டைல்ஷீட்டுக்குள் யூஆர்எல் அடைப்பில் எழுதுகிற பாதை, அந்த ஸ்டைல்ஷீட் பைலின் முகவரியில் இருந்து எண்ணப்படும், பக்கத்தின் முகவரியில் இருந்து அல்ல. 1996 டிசம்பரில் வந்த முதல் சிஎஸ்எஸ் விதியிலேயே இது இருக்கிறது. நெட்ஸ்கேப் 4 என்ற பழைய பிரவுசர் மட்டும் பக்கத்தில் இருந்து எண்ணி எல்லோரையும் குழப்பியது, அந்தக் காலத்துப் பாடக்குறிப்பை இன்னும் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே முகப்பு பைலில் "படம்/தேர்.ஜேபிஜி" என்று வேலை செய்த பாதையை வெட்டி பாணி/முதல்.சிஎஸ்எஸ் உள்ளே ஒட்டினால் பிரவுசர் /பாணி/படம்/தேர்.ஜேபிஜி என்று தேடும். அங்கே "../படம்/தேர்.ஜேபிஜி" என்று எழுத வேண்டும், பாணி போல்டரில் இருந்து ஒரு படி வெளியே வந்து பிறகு படம் போல்டருக்குள் போ என்று அர்த்தம். பேஸ் டேக் இருந்தாலும் வெளி ஸ்டைல்ஷீட்டுக்குள் உள்ள பாதைகளை அது தொடாது. பக்கத்துக்குள்ளேயே ஸ்டைல் டேக்கில் எழுதினால் மட்டும் பக்கத்தில் இருந்து எண்ணும். அதனால்தான் பக்கத்துக்குள் எழுதிச் சோதித்துவிட்டு, வேலை செய்கிறது என்று வெளி பைலுக்கு மாற்றிய நிமிடமே படம் காணாமல் போகிறது.

வேர்ட்பிரஸ் காரர்களுக்கு ஒரு கிளை: ஒரு தீமின் (தள வடிவமைப்பின்) மேல் சைல்ட் தீம், அதாவது பிள்ளைத் தீம், போட்டிருந்தால், டெம்ப்ளேட் டைரக்டரி என்று கேட்கிற கட்டளை தாய் தீமின் முகவரியைத் தரும், ஸ்டைல்ஷீட் டைரக்டரி என்று கேட்பதுதான் பிள்ளையின் முகவரி. பெயரைப் பார்த்து ஊகிக்க முடியாத ஒன்று, மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

தமிழ் இருந்த இடத்தில் புரியாத ஆங்கில எழுத்து

இதைப் பார்த்தால் பதற வேண்டாம். நம் நாட்டில் பழைய அழைப்பிதழ், சிறப்பு மலர் எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை, அதில் "தமிழ்" என்ற சொல் உண்மையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் சேமிக்கப்பட்டிருக்கும், எழுத்துரு மேலே வந்து உட்கார்ந்தால்தான் அது தமிழாகத் தெரியும். எழுத்துருவின் பாதை உடைந்தால் வேஷம் கலைந்து அந்த ஐந்து குறிகளும் அப்படியே முன்னால் வந்து நிற்கும். உங்கள் கணினியில் பாமினி ஏற்கெனவே நிறுவியிருப்பதால் உங்களுக்கு மட்டும் பிழை தெரியாது, கொழும்பில் போனில் பார்க்கிற மாமாவுக்குத்தான் தெரியும். பாதையைத் திருத்தினால் அன்றைக்குத் தப்பலாம், நான் சொல்வேன் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், அப்போது எழுத்துரு வராவிட்டாலும் தமிழ் தமிழாகவே இருக்கும்.

படங்கள் வருகின்றன, எழுத்துரு மட்டும் வரவில்லை, எஃப்12 அழுத்தினால் பிழைச் செய்திகளைக் காட்டுகிற கன்சோலில் கோர்ஸ் என்று ஏதோ சிவப்பில் இருக்கிறது என்றால் அது வேறு நோய். வேறு தளத்தில் இருக்கிற எழுத்துருவைக் கேட்டால், அந்தச் சேர்வர் அனுமதித் தலைப்பு அனுப்பினால்தான் பிரவுசர் பயன்படுத்தும், படத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இதில் பலர் விழுகிற குழி, முகவரியின் முன்னால் மூன்று டபிள்யூ இருப்பதும் இல்லாததும் பிரவுசருக்கு இரண்டு வெவ்வேறு தளம் என்பது. ஸ்டைல்ஷீட்டில் டபிள்யூக்களோடு முழு முகவரி எழுதியிருக்கிறீர்கள், ஆள் டபிள்யூ இல்லாமல் தளத்தைத் திறக்கிறார், முடிந்தது கதை. உங்கள் தளத்தின் சொந்த எழுத்துருவுக்கு முழு முகவரி எழுதாதீர்கள்.

விண்டோஸில் வருகிறது, சேர்வரில் 404

நெட்வொர்க்கில் முகவரி உங்கள் கண்ணுக்குச் சரியாகவே தெரியும். பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பாருங்கள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸ் சேர்வருக்கு இரண்டும் வேறு, கமராவில் இருந்து வந்த படத்தின் கடைசி மூன்று எழுத்து பெரிய எழுத்தில் இருக்கும், நீங்கள் சின்னதில் எழுதியிருப்பீர்கள். தமிழில் இந்தப் பெரிய சின்னத் தொல்லை இல்லாததாலோ என்னவோ நம் கண் அதை லேசில் பிடிப்பதில்லை. தம்பியின் முகப்பு உடைந்ததும் இதனால்தான், போல்டர் பெயரின் முதல் எழுத்து பெரியது, லிங்கில் சின்னது.

அதைவிடச் சுவாரசியமானது சாய்கோடு திரும்பியிருப்பது. எல்ல பக்கம் ஒரு தங்குமிடத்துக்கு யாரோ செய்த தளத்தைத் திருத்தக் கொடுத்தார்கள், ஒன்பது வளைவுப் பாலத்துப் படம் முகப்பில் வர வேண்டும், வரவில்லை. விண்டோஸ் முகவரிப் பட்டையில் இருந்து பாதையை அப்படியே வெட்டி ஒட்டியிருந்தார்கள், போல்டருக்கும் பைலுக்கும் இடையில் / இருக்க வேண்டிய இடத்தில் \ இருந்தது. நெட்வொர்க்கில் பார்த்தால் கேட்ட முகவரியில் "பேனர்" என்ற ஆங்கிலப் பெயரின் முதல் இரண்டு எழுத்தையே காணோம், அந்த இடத்தில் %சி2%பிஏ என்று கிடக்கிறது. சிஎஸ்எஸ்ஸில் \ என்பது பாதைக்குறி அல்ல, அதற்கு அடுத்து 0 முதல் 9 வரையோ ஏ முதல் எஃப் வரையோ வந்தால் ஆறு எழுத்து வரை எடுத்து ஒரு பதினறும எண்ணாக வாசித்து அந்த எண்ணுக்குரிய குறியைப் போடு என்று அர்த்தம். பேனரில் முதலாவது பி, இரண்டாவது ஏ, மூன்றாவது என், அது பதினறும எழுத்து அல்ல என்பதால் அங்கே நின்றுவிட்டது. பிஏ என்றால் 186, அதற்குரிய குறி மேலே தூக்கிய ஒரு சின்ன வட்டம், அதைத்தான் பிரவுசர் பைல் பெயருக்குள் வைத்து ஓடி ஓடித் தேடியிருக்கிறது. பைலின் பெயர் பதினறும எழுத்து அல்லாத வேறு எழுத்தில் தொடங்கியிருந்தால் கோடு மட்டும் காணாமல் போய் போல்டர் பெயரும் பைல் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். \ எல்லாவற்றையும் / ஆக்குங்கள், விண்டோஸும் அதை ஏற்கும்.

நெட்வொர்க்கில் அந்தக் கோரிக்கையே இல்லை

404 கூட இல்லை, சும்மா ஒன்றுமே இல்லை என்றால், பிரவுசர் உங்கள் வரியைப் படித்துவிட்டுத் தள்ளிவிட்டது. இரண்டு காரணங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒன்று, ஒரு ஸ்டைல்ஷீட்டுக்குள் இன்னொன்றை இழுத்து வருகிற @இம்போர்ட் வரி பிந்தி வந்திருக்கிறது. அது மற்ற எல்லா விதிக்கும் முன்னால் இருக்க வேண்டும், @சார்செட்டும் @லேயர் அறிவிப்பும் மட்டும் அதற்கு முன்னால் வரலாம். பாடிக்கு ஒரு நிறம் கொடுத்துவிட்டு அதன் கீழே இம்போர்ட் எழுதினால் பிழைச் செய்தி எதுவும் பெரிதாக இல்லாமல் அப்படியே விட்டுவிடும். பல ஸ்டைல்ஷீட்டை ஒன்றாக ஒட்டுகிற கருவி பயன்படுத்தினால் இரண்டாவது பைலின் தலையில் இருந்த இம்போர்ட் நடுவில் போய்ச் சிக்கும், தனித்தனியாக வேலை செய்தது சேர்த்ததும் வேலை செய்யாததற்கு இதுவே காரணம். இம்போர்ட் செய்த பைலுக்குள் இன்னொரு இம்போர்ட் இருந்தால் அது அந்த உள்பைலின் இடத்தில் இருந்து எண்ணப்படும், முதல் பைலில் இருந்து அல்ல. சங்கிலி நீளமாக இருந்தால் ஒன்று வந்த பிறகுதான் அடுத்தது இருப்பதே பிரவுசருக்குத் தெரியும், சிக்னல் ஒரு கோடு காட்டுகிற மலைப்பக்கத்தில் அந்தத் தாமதம் நன்றாகவே தெரியும், முடிந்தால் லிங்க்காகவே போடுங்கள்.

இரண்டாவது, வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அப்படியே பயன்படுத்துவது. பெயருக்குள் இடைவெளி, இரண்டாம் தடவை இறக்கியிருந்தால் கடைசியில் (1). மேற்கோள் குறி இல்லாமல் யூஆர்எல் அடைப்புக்குள் இதைப் போட்டால் இடைவெளி வந்த இடத்திலேயே வரி முழுவதும் செல்லாமல் போய்விடும். மேற்கோள் போட்டால் வேலை செய்யும், பெயரை மாற்றினால் நிம்மதி.

200 என்று பச்சையாக வருகிறது, ஆனாலும் ஸ்டைல் இல்லை

200 என்றால் கேட்டது கிடைத்தது என்று அர்த்தம். அந்த வரியைச் சொடுக்கி, சேர்வர் அனுப்பிய பதிலை, அதாவது ரெஸ்பான்ஸைப் பாருங்கள். உள்ளே சிஎஸ்எஸ் இருக்காது, உங்கள் முகப்புப் பக்கத்தின் எச்டிஎம்எல் இருக்கும். கண்டுபிடிக்க முடியாத எந்த முகவரிக்கும் முகப்பையே கொடு என்று சேர்வரில் அமைத்திருக்கிறார்கள், ஆகவே 404 வர வேண்டிய இடத்தில் 200 வருகிறது. கன்சோலில் மைம் வகை (வந்த பைல் என்ன வகை என்று சேர்வர் சொல்வது) டெக்ஸ்ட்/எச்டிஎம்எல் என்று முறைப்பாடு நிற்கும். மைம் வகையை மாற்றுவது எப்படி என்று தேடப் போகாதீர்கள், பாதைதான் பிழை.

டொமைனில் நன்றாக இருந்தது, உப போல்டருக்கு மாற்றியதும் போய்விட்டது

முன்னால் நானே சொன்ன / இங்கே காலை வாருகிறது. /பாணி/ என்பது டொமைனின் அடியில் இருந்து எண்ணும், தளம் /புதியது/ என்ற போல்டருக்குள் போனாலும் அது அடிக்கேதான் போகும். தளங்களை ஏற்றி வைக்கிற கிட்ஹப் பேஜஸில் ஒரு திட்டத்தை ஏற்றுகிறவர்களுக்கு இது முதல் நாளே வரும், அங்கே திட்டத்தின் பெயரே ஒரு போல்டராக முகவரியில் நிற்கிறது. கீழ்க்கோட்டில் தொடங்குகிற போல்டர்களையும் அது வழக்கமாக விட்டுவிடும், .நோஜெக்கில் என்று ஒரு வெற்று பைல் போட்டால் எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு மறைவான காரணம் ../ அதிகமாக இருப்பது. அடிக்கு மேலே போக இடம் இல்லை என்பதால் டொமைன் அடியில் நிற்கும்போது தேவைக்கு மேல் நான்கு ../ போட்டாலும் பிரவுசர் பொறுத்துக்கொண்டு அடியிலேயே நின்றுவிடும். பிழையான பாதை வருடக்கணக்காகச் சரியாக வேலை செய்யும். போல்டருக்குள் மாற்றிய அன்று மேலே ஏற இடம் கிடைத்துவிடும், ஏறிவிடும்.

வெளித்தளத்து ஸ்டைல்ஷீட் வரவில்லை

கேட்ட முகவரியில் உங்கள் டொமைனும் அவர்கள் டொமைனும் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால், முன்னால் எச்டிடிபிஎஸ்:// போட மறந்திருக்கிறீர்கள், அது இல்லாவிட்டால் பிரவுசர் அதையும் ஒரு போல்டர் பெயராகவே எடுக்கும். எஸ் இல்லாத முகவரியில் இருந்து ஸ்டைல்ஷீட் கேட்டால், எஸ் உள்ள பக்கத்தில் அது தடுக்கப்படும். வெறும் // போட்டுத் தொடங்குவது பழைய பழக்கம், பைலை நேரடியாக இருமுறை சொடுக்கித் திறந்து பார்க்கும்போது அது உங்கள் டிஸ்க்கிலேயே தேடும், விட்டுவிடுங்கள்.

சாஸ் எழுதுகிறேன், துண்டு பைலில் பாதை சரி, வந்த சிஎஸ்எஸ்ஸில் பிழை

சாஸ் என்பது சிஎஸ்எஸ்ஸாக மாற்றப்படுகிற ஒரு மொழி, அது யூஆர்எல் அடைப்புக்குள் இருப்பதைத் தொடாது, அப்படியே வெளியே தள்ளும். நீங்கள் எழுதுகிற துண்டு எந்தப் போல்டரில் இருந்தாலும் சரி, கடைசியில் உருவாகிற சிஎஸ்எஸ் பைல் எங்கே போய் உட்காருகிறதோ அங்கிருந்து பாதையை எழுதுங்கள். அதே மாதிரியான லெஸ் மொழியில் பாதையை மாற்றி எழுதச் சொல்ல ஒரு அமைப்பு இருக்கிறது.

திருத்திவிட்டேன், இன்னும் பழையதே வருகிறது

பாதைக் கோளாறு மாதிரியே இருக்கும், ஆனால் காரணம் கேஷ், அதாவது பிரவுசர் முன்பு இறக்கிச் சேமித்து வைத்த பழைய பிரதி. நெட்வொர்க் பகுதியில் கேஷை நிறுத்துகிற பெட்டியில் சரி போட்டுவிட்டு, அந்தப் பகுதியைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு மறுபடி ஏற்றுங்கள். தளத்துக்கு வருகிறவர்களுக்காக லிங்கின் கடைசியில் ?2, ?3 என்று மாற்றுவோம், ஆனால் அது அந்த முதல் பைலுக்கு மட்டும்தான், அதற்குள் இம்போர்ட் செய்த பைலுக்குத் தனியாக மாற்ற வேண்டும். தம்பி போல்டர் பெயரைத் திருத்திய பிறகும் "இன்னும் வரலண்ணே" என்று இரவு எட்டு மணிக்கு மறுபடி எடுத்தான், பெட்டியில் சரி போடச் சொன்னேன், தேர் வந்து நின்றது.